கொடுத்துக்கொண்டேயிருந்தவன்

கோணேஸ்வரன் தன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கொடுக்கத் தொடங்கியபோது, அவனுக்குத் தங்கமான மனசென்று சல்லிக் கிராமமே புகழ்ந்தது. புகழ்ந்தவர்களில் ஒருவராவது வெறுங்கையோடு திரும்பியதாக அவன் மனைவி புஸ்பராணிக்கு ஞாபகமில்லை.

துறைமுகத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது அறுந்து தெறித்த இரும்புக் கயிறு அவனுடைய வலது காலைத் தொடையோடு கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த முதல் மாதம் கத்தினான், சோற்றுக் கோப்பையைத் தூக்கி எறிந்தான். பிறகு ஒருநாள் முகச்சவரம் செய்துகொண்டு அமைதியாகிவிட்டான். மனம் தேறிவிட்டதென்றார்கள். புஸ்பராணியும் நம்பினாள். நம்பியதோடு நில்லாமல் நிம்மதியாக நித்திரையும் கொண்டாள்.

அந்த வாரமே அவனுடைய தம்பி ரிஷிகேசன் வந்து படகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனான். “அண்ணன் தானாத்தான் தந்தவர், அண்ணி” என்றவன், எண்ணெய்க் கானையும் மறக்காமல் கேட்டு வாங்கினான். பார்க்க வந்த இன்னொரு சொந்தம் ஒரு மாரி பிஸ்கட் பக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவனுடைய மோட்டார் சைக்கிளில் திரும்பிப் போனது. பேராசை பிடித்த கூட்டம்.

சனிக்கிழமை பக்கத்து வீட்டு முருகேசு வந்தார். அவன் கொடுத்த வலைகளைச் சுருட்டிக் கட்டிய பிறகும் அவர் எழும்பவில்லை. கட்டிலோடு சாய்ந்திருந்த ஊன்றுகோல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டைபறிச்சான் ஊரில என்ர மாமனாருக்கும் நடக்க ஏலாமல் கிடக்கு.”

“கொண்டு போங்கோ, அண்ணை. இனி எனக்குத் தேவைப்படாது” என்றான் கோணேஸ்வரன்.

“ஓ! பொய்க்கால் வரப்போகுதோ?”

கோணேஸ்வரன் சிரித்தான். பொய்க்காலுக்கு அளவெடுக்கவே இன்னும் மூன்று மாதம் இருந்தது. ‘இனித் தேவைப்படாது’ என்றது புஸ்பராணிக்கு அப்போதுதான் உறைத்தது. முருகேசுவோ ஊன்றுகோலைக் கக்கத்தில் வைத்து, உயரம் சரிதானா என்று குசினி வாசல்வரை நொண்டி நடந்து பார்த்தார்.

அவள் குறுக்கே போய் நின்றாள்.

“வையுங்கோ அதை! வெளியில போங்கோ!”

“என்ன பிள்ளை, அவர்தானே தாறார்…”

“போங்கோ எண்டுறன்!”

முருகேசு முணுமுணுத்துக்கொண்டு போனார். வலையை மட்டும் விடவில்லை. மனுஷ ஜென்மம்.

அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். கேட்கப் பயமாக இருந்தது. இல்லாத நினைப்பை நானே ஊட்டிவிடுவேனோ என்ற பயம். கேளாமலே கடத்திய நாட்களை நினைத்தபோது தன்மேலேயே அருவருப்பு வந்தது.

“இஞ்சருங்கோ, சாகப் போறியளோ?”

அவன் சுவரைப் பார்த்தான். இல்லையென்று சொன்னால் நம்பிவிடலாமென்று அந்த நேரத்திலும் அவளுக்கு ஆசையாக இருந்தது.

“ஓம்” என்றான்.

பிறகு உடைந்து அழுதான். “எத்தினை பேர் வந்தவை, புஸ்பம். ஒருத்தர்கூட ஏன் தாறாய் எண்டு கேக்கேல்லை.”

“நானும்தான் கேக்கேல்லை. நீங்கள் சத்தம் போடாட்டில் போதும் எண்டு இருந்திட்டன்.”

அவன் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் கிளினிக் நேர்ஸ் நிஷாந்தினிக்கு ஃபோன் எடுத்தாள். அவனுக்குக் கேட்கும்படியே சொன்னாள்: “மிஸ், இவருக்குச் சாகிற யோசினை இருக்கு. இப்பவே ஓட்டோவில கூட்டிக்கொண்டு வாறன்.”

எப்பவிருந்து அந்த யோசினை என்று மறுமுனையில் நிஷாந்தினி கேட்டாள். புஸ்பராணி அவனைப் பார்த்தாள்.

கோணேஸ்வரன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினான்.

“இஞ்ச தா. நான் கதைக்கிறன்.”