மடவை வராத ஞாயிறுகள்

தோணியில் இருந்த இருவரும் மூச்சைக்கூட அளந்து விட்டுக்கொண்டிருந்தார்கள். வலை விரித்தாகிவிட்டது. பலகையில் பட்டால் ஓசை எழக் கூடாது என்று துடுப்பில் கந்தல் சுற்றியிருந்தது. மடவை மீன் காதுள்ள சாதி. கரையோரமாக வந்து அது வலைக்குள் நுழையும்வரை இருமல் வந்தாலும் விழுங்கிக்கொள்ள வேண்டும். நுழைந்த பிறகு கந்தலை அவிழ்த்துவிட்டு, துடுப்பால் தோணியின் பக்கத்தில் ஓங்கி அடிக்க வேண்டும். மிரண்ட மீன் தானே போய் வலைக்கண்ணில் தலையை மாட்டிக்கொள்ளும். முதலில் மௌனம், பிறகு அடி. கோட்டைக்குப்பத்தில் நடை பழகும் வயதிலேயே இதுவும் பழகிவிடும்.

அங்கமுத்து துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு கரையைப் பார்த்தான். ஒல்லாந்துக்காரர்கள் கட்டிய வேதக்கோயிலின் சன்னல்களில் விளக்கு ஏற்றிவிட்டார்கள். சற்றைக்கெல்லாம் பிடில் தொடங்கியது.

கூட இருந்த பூபதி தலையில் அடித்துக்கொண்டான், அதையும் ஓசைப்படாமல்.

"வந்துட்டாங்கய்யா கச்சேரிக்காரங்க," என்று கிசுகிசுத்தான். "நாம வலை போட்டா போதும், அவங்களுக்கு மூக்குல வேர்த்துடுது."

புதிதாகக் கப்பலில் வந்த பாதிரியார் தை பிறந்ததிலிருந்து ஞாயிறுதோறும் மாலையில் இந்த இசைக்கூட்டத்தை நடத்தி வந்தார். பிடிலுக்கு ஒரு கிழட்டு மாலுமி. மூங்கில் குழலுக்கு, வங்காளத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவன். முரசுக்கு இன்னொருவன். பார்த்து வாசிக்க எதிரில் ஏடு எதுவும் கிடையாது. ஒருவன் ஒரு மெட்டைத் தொடங்குவான், மற்றவர்கள் ஆளுக்கொரு பக்கம் அதை இழுத்துக்கொண்டு போவார்கள், தொலைந்தே போனார்கள் என்று நினைக்கும்போது எல்லாரும் ஒரே இடத்தில் வந்து சேர்வார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பெண்குரல் எழும். சொல் எதுவும் இல்லாத வெறும் குரல். அது தண்ணீரின் மேல் வெகுதூரம் வரும்.

அது அங்கமுத்துவின் தங்கையுடைய குரல்.

பிறந்தபோது அவள் வேலம்மா. ஒல்லாந்துக்காரர்களின் கோட்டையில் கூலிவேலை பார்த்தவனைக் கட்டிக்கொண்டு வேதத்தில் சேர்ந்து செசிலியா ஆனாள். காய்ச்சலில் அவன் போனதும் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தாள். தாலியறுத்தவள், அதிலும் வேதக்காரி. குப்பத்தில் நல்ல காரியம் எதிலும் அவளை முன்னால் நிற்கவிட மாட்டார்கள். வேதக்கோயிலில் பெருக்கிக்கொண்டே பாடியவளைப் பாதிரியார் ஒருநாள் கேட்டார். அதன்பின் பிடிலுக்கும் முரசுக்கும் நடுவே அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது.

அங்கமுத்துவுக்கும் அந்த ஆண்டுதான் ஓர் இடம் கிடைத்திருந்தது. கடலுக்கு வாய் திறந்த அந்த உப்பேரியில் யார் எங்கே வலை விரிப்பது என்பதைக் குடத்தில் ஓலைச்சீட்டுப் போட்டுக் குப்பமே கூடி முடிவு செய்யும். அப்படிக் கிடைக்கும் இடத்துக்குப் பாடு என்று பெயர். இருக்கும் பாடுகளிலேயே வேதக்கோயிலடிப் பாடுதான் வளமானது. அவன் தகப்பன் அதற்கு ஏங்கியே செத்தான். ஆனால் கிடைத்தவன் விடாமல் வெறும் வலையை இழுத்தால், கைராசி இல்லாதவன் என்று பங்குனிக் கூட்டத்தில் அதைப் பறித்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிடலாம். பிறகு அவன் பெயர் ஆயுசுக்கும் குடத்தில் விழாது.

மாசி வந்துவிட்டது. வலை வெறுமையாகவே வந்துகொண்டிருந்தது. ஞாயிறு அல்லாத நாளிலும் வெறுமைதான். "ஞாயித்துக்கெழம பயந்த மீனு திங்கக்கெழம வருமா?" என்றான் பூபதி. அதுவே எல்லார் வாயிலும் ஏறியது. சில வாரமாகவே ஏரியில் தண்ணீர் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. அங்கமுத்து அதையும் பார்த்தான். பார்த்ததோடு சரி, அதைப் பற்றி யோசிக்கவில்லை. குற்றவாளி கையில் கிடைத்துவிட்ட பிறகு வேறு ஆளை யார் தேடுகிறார்கள்?

ஒருநாள் இரவு தங்கை சோறு போடும்போது சொன்னான். "உன்னால என் பொழப்பு போவுது."

"என் பாட்டு புடிக்கலன்னு மீனு வந்து உங்கிட்ட சொல்லிச்சா?"

"பூபதி சொல்றான். பெரியதனக்காரரு சொல்றாரு."

"நீ இன்னா சொல்ற?"

அவன் சோற்றைப் பிசைந்தான். அவளே பேசினாள்.

"நான் பக்கத்துல வந்து நின்னா அங்க யாரும் ஒதுங்கிப் போறதில்லண்ணா. எனக்கு அது போதும். வேற ஒண்ணும் நான் கேக்கல."

அவன் கை கழுவ எழுந்தான்.

மறுநாள் குப்பத்துப் பெரியதனக்காரர் தாமோதரனை அழைத்துக்கொண்டு வேதக்கோயிலுக்குப் போனான். துபாஷி மூர்த்தி இருபக்கப் பேச்சையும் மாற்றிச் சொன்னான். இசைக்கூட்டத்தை நிறுத்தாவிட்டால் கோட்டைச் சமையலுக்கு மீன் வராது என்றார் தாமோதரன். பாதிரியார் கோபப்படவில்லை. சன்னலருகே போய் ஏரியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து ஏதோ சொன்னார்.

"கதவு, சன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு வாசிக்கச் சொல்றேங்கறாரு," என்றான் துபாஷி. "முரசு மேல துணி போட்டுடலாமாம். ஆனா அந்தப் பொண்ணு கொரலு கதவுக்கு அடங்காதாம். அவ மட்டும் பாடலன்னா ஒங்களுக்குப் போதுமான்னு கேக்கறாரு."

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அங்கமுத்து எதிர்பார்க்கவில்லை. கூட்டமே நின்றுபோகும், பாதிரியார் நிறுத்தினார் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தான். தூணருகே துடைப்பத்தோடு செசிலியா நின்றிருந்தாள். ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பாடும் உன்து, தங்கச்சியும் உன்து," என்றார் தாமோதரன். "நீயே சொல்லு."

அங்கமுத்து தரையைப் பார்த்தான்.

"போதும்," என்றான். அதைத் துபாஷி மாற்றிச் சொல்வதற்குள் துடைப்பம் தரையை உரசும் ஓசை தொடங்கிவிட்டது.

அதன்பின் ஞாயிறுகளில் சாத்திய கதவுக்குள்ளிருந்து பிடில் ஈயின் ரீங்காரமாகக் கேட்டது. மீன் வரவில்லை. வீட்டில் செசிலியா சோறு இருக்கிறது, தண்ணீர் இல்லை என்ற அளவில் பேசினாள். பெருக்கும்போதும் மாவரைக்கும்போதும் எப்போதும் இருந்துவந்த முணுமுணுப்பு வீட்டில் இல்லை. அப்படி ஒன்று இருந்தது என்பதே அது நின்ற பிறகுதான் அவனுக்குத் தெரிந்தது.

மாசிக் கடைசியில் பூபதி ஓடி வந்தான். கடலோரக் குப்பத்து மச்சான் வந்து அவனிடம் சேதி சொல்லியிருந்தான்.

"முகத்துவாரத்த மணலு அடைச்சிடுச்சாம்ண்ணா. ஆளுங்க முழங்கால் நனையாம நடந்து போறாங்களாம். கடல் தண்ணியே உள்ள வரல, மடவை எங்கேந்து வரும்? நாம இன்னாடான்னா பிடில்காரனோட மல்லுக்கு நின்னுகினு கீறோம்." சொல்லிவிட்டுச் சிரித்தான். அங்கமுத்து சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

சித்திரைக்குப் பிறகு அடைபட வேண்டிய வாய் அது. ஐப்பசி மழை பொய்த்ததால் முன்னதாகவே அடைத்துக்கொண்டது. ஏரிக்காரனுக்குத் தெரியாத விஷயமில்லை. போய்ப் பார்க்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அன்று மாலை அங்கமுத்து தங்கையின் எதிரில் போய் நின்றான். "இனிமே நீ பாடு. பாதிரிகிட்ட நானே வந்து சொல்றேன்."

அவள் மீன்கூடையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"சொல்லாத," என்றாள். "வேணாங்கறப்போ கந்தல சுத்தி வெக்கறதுக்கும், வேணுங்கறப்போ அவுத்து அடிக்கறதுக்கும், நான் இன்னா உன் துடுப்பா?"

பங்குனிக் கூட்டத்துக்கு முன்பே குப்பத்து ஆண்கள் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். கடல் உள்ளே வந்தது. அடுத்த ஞாயிறன்று வேதக்கோயில் தன் சன்னல்களைத் திறந்துகொண்டது. பிடில், குழல், துணி நீங்கிய முரசு எல்லாம் பழையபடி ஏரியின் மேல் வந்தன. அந்த ஓசைக்கு நடுவிலேயே மடவை வந்தது. கரையோரம் வெள்ளி வெள்ளியாகத் திரும்பி, ஒன்றையும் சட்டை செய்யாமல் கூட்டங்கூட்டமாக வலைக்குள் நுழைந்தது.

"அடிண்ணா," என்றான் பூபதி.

அங்கமுத்து கந்தலை அவிழ்த்து எறிந்துவிட்டு அடித்தான். தண்ணீர் கொதித்தது. கோயிலுக்குள் பிடில் திடுக்கிட்டு நின்றது. யாரோ சிரித்தார்கள். பிறகு முரசுக்காரன் அவனுடைய அடியையே பிடித்துக்கொண்டான். அவன் ஒன்று அடிக்க, முரசு ஒன்று அடித்தது. குழல் அதன்மேல் ஏறியது, பிடிலும் வந்து சேர்ந்தது. தோணியிலிருந்து வந்த அடிக்கும் அவர்கள் நடுவில் இடம் கொடுத்தார்கள்.

கோயில் படியில் செசிலியா உட்கார்ந்திருந்தாள். சன்னல் வெளிச்சம் அவள் முகத்தில் விழுந்தது. எல்லா ஓசையும் ஒதுங்கி வழிவிட்டு, அந்தக் குரல் எழ வேண்டிய இடம் வந்தது. அங்கமுத்து துடுப்பை ஓங்கியபடி நின்றுவிட்டான்.

அவள் வாய் மூடியே இருந்தது.

"இன்னாண்ணா நிறுத்திட்ட? அடி, மீனு பூடும்," என்றான் பூபதி.

அவன் அடித்தான்.