சத்தம் போடாத பொங்கல்

ஏழரை மணித் தொலைக்காட்சி நாடகத்தை எழுதின மனுசன் எங்கே இருக்கிறானோ தெரியாது. கண்டால் ஒரு கும்பிடும் போட்டு, தலையில் ஒரு குட்டும் குட்டுவேன். அவனால்தான் ஜெயபுரத்தில் என் மகள் தேனுகாவுக்குத் திடீரென்று இவ்வளவு சொந்தக்காரர் முளைத்தார்கள்.

நாடகத்தில் மீனு என்று ஒரு பிள்ளை. அதற்கு ஓட்டிசம், மதியிறுக்கம் என்பார்களே, அது. தேனுகாவுக்கும் அதுதான் என்று கிளிநொச்சியில் டொக்டர் சொல்லி எத்தனையோ காலம். அப்போது ஊரில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. செல்லம் கூடிவிட்டது என்றார்கள், நூல் கட்டச் சொன்னார்கள். மீனு தொலைக்காட்சியில் இரண்டு கிழமை அழுததும் ஊர் முழுக்க டொக்டராகிவிட்டது.

மீனு நீலக் கோப்பையில் மட்டும்தான் பால் குடிக்குமாம். அவ்வளவுதான், பக்கத்து வீட்டுச் சிவலட்சுமி அக்கா நீலக் கோப்பையோடு வந்தார். அடுத்த நாள் கடைக்காரப் பொன்னையா அண்ணையும் ஒன்று கொடுத்துவிட்டார். தேனுகா இரண்டையும் வேலிக்கு மேலால் எறிந்தாள். அவளுக்கு அவளுடைய நெளிந்த சில்வர் பேணி வேண்டும். மீனு நன்றாகப் படம் கீறும் என்று வர்ணப் பென்சில் பெட்டி வந்தது. தேனுகா அவற்றைத் தீட்டித் தீட்டி, சீவல் சுருண்டு விழும் அழகைப் பார்த்துச் சிரித்தே முடித்தாள்.

"என்ன கோதாரியக்கா இது? இவளுக்குப் படம் கீற விருப்பமில்லை" என்றேன்.

"உனக்கு ஒண்டும் தெரியாது சுதாஜினி. நேற்று நாடகத்திலை வடிவாக் காட்டினவங்கள்" என்றார் சிவலட்சுமி அக்கா.

பெற்ற எனக்கு ஒன்றும் தெரியாதாம்!

இந்தக் கூத்துக்குள் அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல் வந்தது. நான் அந்தப் பக்கம் போவதை விட்டிருந்தேன். முந்தியொரு பொங்கலில் மழை தூறியதால் அடுப்பையெல்லாம் மடத்துக்குள் மாற்றினார்கள். இடம் மாறினால் தேனுகாவுக்கு உலகமே பிழைத்துவிடும். விழுந்து புரண்டு கத்தினாள். கோயில் தலைவர் கதிர்காமநாதன் ஐயா என்னைக் கூப்பிட்டு, "பிள்ளையை வீட்டை கொண்டு போங்கோ தங்கச்சி, சனம் கும்பிட ஏலாமல் கிடக்கு" என்றார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. அவளைத் தூக்கிக்கொண்டு அழுதபடி வந்தவள்தான்.

அதே மனுசன் இந்த முறை எங்கள் வாசல் படலையில் வந்து நின்றார்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வரவேணும். ஒலிபெருக்கி இல்லை, மேளம் இல்லை, வெடியும் இல்லை. மீனுவுக்குச் சத்தம் ஒத்துவராதெல்லோ."

"ஐயா, இவள் மீனு இல்லை, தேனுகா. இவளுக்குச் சத்தம் ஒண்டும் செய்யா..."

"ஓமோம், எல்லாம் ஒண்டுதானே" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நேற்று மீனுவைக் கலியாண வீட்டாலை கலைச்சுப்போட்டாங்கள். எனக்குச் சோறு இறங்கேல்லை, தங்கச்சி."

என் கணவர் கிருசாந்தன், "போவம்" என்றார். இன்னொரு தரம் "வீட்டை கொண்டு போங்கோ" என்ற அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த ஊர்ச் சனத்தின் முகத்தில் நான் விழிக்கவே மாட்டேன்.

காலையில் கோயிலுக்குப் போனால், ஐயோ கடவுளே! பூசாரி மணியைத் துணியால் சுற்றிக் கட்டியிருந்தார். சனம் கள்ளன் மாதிரிக் கால் நுனியில் நடந்தது. பொன்னையா அண்ணை விறகு கேட்டுக் கையைக் காட்ட, ஒருவர் தேங்காயைக் கொண்டுவந்து நீட்டினார். அவர் தன் தலையிலேயே அடிக்க, அந்த ஆள் இன்னொரு தேங்காய் கொண்டுவந்தார். சிவலட்சுமி அக்காவுக்குத் தும்மல் வந்து, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்து, கண் பிதுங்க நின்றார். நான் கிருசாந்தனின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து சிரித்தேன்.

தேனுகா நல்ல சமர்த்தாக முதல் அடுப்புக்கு எதிரே குந்தியிருந்தாள். பானையில் நுரை எழும்பியது. விளிம்பைத் தொட்டது. வழிந்தது.

சனமெல்லாம் சத்தமில்லாமல் கையை மட்டும் மேலே தூக்கியது.

போச்சு! எங்கள் வீட்டில் எது பொங்கி வழிந்தாலும் "அரோகரா" சொல்லவேண்டும். தைப்பொங்கலன்று அவள் அப்பா சொன்னதைப் பிடித்துக்கொண்டவள், குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த பால் வழிந்தாலும் என்னை விடமாட்டாள். சொல்லாவிட்டால் அன்று முழுக்க வீடு இரண்டுபடும். இங்கே ஒரு ஊரே சொல்லாமல் நிற்கிறது!

தேனுகா எழும்பினாள். பானையைப் பார்த்தாள், சனத்தைப் பார்த்தாள். காலை ஓங்கி நிலத்தில் அடித்து, "அரோகரா!" என்று கத்தினாள். அவள் வாயில் வரும் சொற்களே கொஞ்சம். அதில் பெரிய சொல் அதுதான்.

ஒருவரும் அசையவில்லை. அவள் விடுவாளா? பொன்னையா அண்ணைக்கு முன்னால் போய் நின்றாள். "அரோகரா!" அவர் திகைத்து, "அரோகரா" என்றார். சிவலட்சுமி அக்கா வாயிலிருந்த சேலையை இழுத்தெடுக்க, அரோகராவும் தும்மலும் ஒன்றாக வெடித்தன. ஒவ்வொருவராகப் பிடித்துச் சொல்லவைத்தாள். கடைசியில் கதிர்காமநாதன் ஐயாவிடம் போனாள். அவர் மட்டும் உதட்டில் விரலை வைத்தபடி நின்றார்.

எனக்குச் சிரிப்பு அறுந்துபோனது. இனி அந்தச் சொல் வரப்போகிறது என்று தேனுகாவின் சட்டையைப் பிடிக்க ஓடினேன்.

"தங்கச்சி, நான் கத்தினால் பிள்ளை பயப்பிடாதோ?" என்று ஐயா என் காதுக்குள் கேட்டார்.

"நீங்கள் கத்தாட்டித்தான் ஐயா பயம்!"

மனுசன் வேட்டியை இறுக்கிக்கொண்டு மூச்சை இழுத்தார். "அரோகரா!" அரசமரத்துக் காகமெல்லாம் பறந்தது. தேனுகா கை தட்டினாள். அதுவரை அடக்கிவைத்த சிரிப்பெல்லாம் சனத்தின் வாயிலிருந்து கொட்டியது. பூசாரி மணித் துணியைப் பிய்த்தெறிந்தார்.

அடுத்த பானை கொதிக்கத் தொடங்கியது.

"டேய், விலகுங்கோடா! பிள்ளைக்குப் பானை தெரியேல்லை!" என்று ஐயா சனத்தைப் பார்த்துக் கத்தினார்.

சனம் இரண்டாகப் பிரிந்தது. நான் சிரித்தேனா அழுதேனா, எனக்கே தெரியாது. நுரை விளிம்புக்கு ஏறியது. ஒருவரும் பானையைப் பார்க்கவில்லை. ஊரே வாயை மூடிக்கொண்டு, என் மகள் வாய் திறக்கும்வரை காத்து நின்றது.