பச்சையம்மாவின் சிவப்பு

இருட்டறையில் விளக்கைப் போட்டதும் ஜெல்லில் அந்தக் கோடு மின்னியது.

அவள் விளக்கை அணைத்தாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மறுபடி போட்டாள். கோடு அசையவில்லை. பக்கத்துக் குழியில் வெறும் தண்ணீர்தான் விட்டிருந்தாள், அங்கே கும்மிருட்டு. ஆக, சோதனையில் தப்பில்லை. தப்பு அவளுடைய செல்களில்.

மைக்கோபிளாஸ்மா! நுண்ணோக்கியில் சிக்காத கிருமி. குடுவையைக் கலக்காது, நாற்றம் அடிக்காது. வீட்டுக்காரருக்குத் தெரியாமல் மாடியில் குடியேறிவிட்டவன் மாதிரி செல்லோடு ஒட்டிக்கொண்டு, அது சாப்பிட வேண்டியதைத் தானே சாப்பிட்டுக்கொண்டிருக்கும். அதன் மரபணுவைப் பல மடங்கு பெருக்கிப் பார்த்தால்தான் இப்படி ஒரு கோடாக மாட்டும்.

இரண்டு வருஷமாக அவள் வளர்த்த நுரையீரல் செல்கள். வைரஸை உள்ளே விடாமல் தடுக்கிறதா என்று ஒரு புது மருந்தை அவற்றில்தான் சோதிக்கிறார்கள். அப்பா தினமும் போனில் முதலில் கேட்பது இவளை அல்ல. "பேரப்புள்ளைங்க எப்படி இருக்காங்க?" ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். காலை நடையில் எதிர்ப்படுகிற எல்லோரிடமும், "எம் பொண்ணு குடுவைக்குள்ள உசுரு வளக்குறா" என்று நிறுத்திவைத்துச் சொல்லுகிறவர்.

வெளியே, நடைவழிச் சுவரில் பலகை. தலைமை விஞ்ஞானி அம்மாளின் ஏற்பாடு. அவருக்கு முதுகுக்குப் பின்னால் 'ஹெட்மாஸ்டர்' என்று பெயர். பாராட்டும் தண்டனையும் கண்ணெதிரே தெரிந்தால் ஒழுங்கு தானாக வரும் என்று ஏதோ புது ஆய்வில் படித்துவிட்டு மாட்டியது. வாராவாரம் அவரவர் செல்லை அவரவரே சோதித்து, சுத்தமாக இருந்தால் பச்சைக் காந்தப் பொத்தான். தொற்று இருந்தால் சிவப்பு. சிவப்பு வைத்தவர் அந்த மாதம் முழுக்க, செல் குடுவைகளை வைத்து வளர்க்கும் இன்குபேட்டரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அவள் வரிசை முழுக்கப் பச்சை. அதனால்தான் அவளுக்குப் 'பச்சையம்மா' என்று பட்டம். கேலிதான். ஆனாலும் உள்ளுக்குள் இனிக்கும். இன்று மதியக் கூட்டத்தில் நிரந்தர வேலைக்கு ஒரு பெயரை ஹெட்மாஸ்டர் அறிவிக்கப் போகிறார். யார் பெயர் என்பது காவலாளிக்குக்கூடத் தெரியும்.

கதவு திறந்தது. அடுத்த மேசைக்காரன். எதையும் மெதுவாகச் செய்வதால் அவனுக்கு 'ஸ்பீடு' என்று பெயர். எட்டிப் பார்த்தான். விசிலடிக்கப் போனவன் நிறுத்திக்கொண்டான்.

"பச்சையம்மா... உனக்குமா?"

"உனக்கும்னா?"

அவன் கதவைச் சாத்தினான். "எனக்குப் போன மாசமே வந்துச்சு. நாலு சொட்டு ஆன்டிபயாடிக் விடு. அடுத்த வாரம் கோடு காணாமப் போயிடும். இந்த வாரம் மட்டும் ஒரு பச்சைய வச்சுட்டுப் போ. இங்க எல்லாரும் அதானே பண்றோம்?"

"கிருமி போயிடுமா?"

"ஒளிஞ்சுக்கும்."

"மறுபடி வரும்ல?"

"வந்தா மறுபடி விடு. என்னமோ இன்னைக்குத்தான் பொறந்த மாதிரி கேக்குற?"

அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது. எல்லோருக்கும் ஒரே இன்குபேட்டர். பலகையில் பச்சை ஏற ஏற, உள்ளே கிருமி தட்டு தட்டாகத் தாவியிருக்கிறது. இவன் போன மாதமே சொல்லியிருந்தால் அவள் செல்கள் பிழைத்திருக்கும். அவனை அறைந்தால் என்ன என்று கை துடித்தது. அடுத்த யோசனை அதைவிட மோசமாக இருந்தது: கிருமி புகுந்த செல் மருந்தைப் பற்றி எதை வேண்டுமானாலும் சொல்லும். அந்தப் பொய்யை நம்பி யாரோ ஒரு நோயாளி அதை விழுங்குவான்.

நடைவழிக்கு வந்தாள். பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பொத்தான்கள் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தன. பல்லால் கடித்துக் கிழித்தாள். ஒன்றை எடுத்துத் தன் வரிசையின் கடைசியில் வைத்தாள். டக்.

அந்தச் சத்தத்துக்கு நடைவழியே திரும்பிப் பார்த்தது. ஹெட்மாஸ்டர் அறையை விட்டு வந்தார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"இன்னைக்கா?" குரல் தணிந்திருந்தது. "கூட்டம் முடிஞ்சு வச்சிருக்கலாமேம்மா. அந்தக் கோட்ட யாரும் பாக்கலையே."

"நான் பாத்தேனே, மேடம்."

ஹெட்மாஸ்டர் மெல்லத் திரும்பினார். பலகையிலிருந்த பச்சைகளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நிதானமாகப் படித்தார். நாலைந்து பேர் தங்கள் செருப்பைப் பார்த்தார்கள். ஸ்பீடு மட்டும், வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்து வந்து, ஒரு சிவப்பை எடுத்துத் தன் வரிசையில் ஒட்டினான்.

"போன மாசமே வச்சிருக்கணும் மேடம்," என்றான் சுவரைப் பார்த்து.

"கூட்டம் இல்ல," என்றார் ஹெட்மாஸ்டர். "எல்லாக் குடுவையும் வெளிய வரட்டும்."

அவள் தன் குடுவைகளைத் தானே எடுத்தாள். ப்ளீச்சை ஊற்ற ஊற்ற, திரவத்தின் இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீரானது. பள்ளியில் பரிசு வாங்க மேடையேறியபோது இருந்த அதே நிமிர்வு முதுகில் எப்படி வந்தது என்று அவளுக்கே புரியவில்லை.

மாலையில் போன்.

"பேரப்புள்ளைங்க?"

"எல்லாத்தையும் நானே அழிச்சுட்டேன்பா. நோய் வந்துடுச்சு. வேலையும் என்னாகும்னு தெரியல."

"யாரு அழிக்கச் சொன்னா?"

"யாரும் சொல்லலப்பா."

"கண்டுபிடிச்சது?"

"நான்தான்."

"ம்." போனைக் கையால் பொத்துகிற சத்தம். பொத்தியும் கேட்டது: "யோவ், நில்லுய்யா! எம் பொண்ணு இன்னைக்கு என்ன பண்ணியிருக்கா தெரியுமா?"

அவள் சிரித்தபடி போனை வைத்தாள்.

உறைகலனின் அடியில் ஒரு குப்பி மிச்சமிருந்தது. இன்குபேட்டர் சுத்தமாக இருந்த ஆரம்ப நாட்களில் அவள் உறையவைத்த அதே செல்கள். அதை வெதுவெதுப்பான தண்ணீரில் பிடித்து மெல்ல ஆட்டினாள். பின்னால், ஹெட்மாஸ்டர் கோட்டின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, இன்குபேட்டருக்குள் தலையை நுழைத்து ஒரு தட்டைக் கரகரவென்று தேய்த்துக்கொண்டிருந்தார். குப்பிக்குள் கடைசி ஐஸ் துணுக்கு கடுகளவுக்குச் சுருங்கி, மிதந்து, திரும்பியது.