மெஷின் மேல் போட்ட பழி

ஸ்ம்ருதி டாக்டர்தான், ஆனால் ஊசி போடும் டாக்டர் இல்லை. இதை ஊரப்பாக்கம் அங்கன்வாடியில் எத்தனை தடவை சொன்னாலும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. குழந்தையைக் காட்ட வந்த கையோடு தங்கள் முட்டி வலியையும் சொல்லிவிட்டுத்தான் போவார்கள். அவள் முனைவர் பட்டம் முடித்து, அதற்கு மேலும் இரண்டு வருட ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள். நாலு நாடுகளில் ஒரே சமயத்தில் நடக்கும் ஆய்வு. குழந்தையின் கீழ் இமையை லேசாக இழுத்துப் போனில் ஒரு படம் எடுத்தால், உடம்பில் ரத்தம் போதுமா என்று ஆப் நிறத்தில் சொல்லிவிடும். பச்சை என்றால் கவலையில்லை. மஞ்சள் என்றால் இரும்புச்சத்து மருந்து. சிவப்பு என்றால் மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்தாக வேண்டும்.

அன்று வியாழக்கிழமை. கீழ்க்கட்டளையில் மகள் ஸஹானா போகும் க்ரெஷ் திடீரென்று லீவு விட்டுவிட்டது. கணவன் ஜெயகிருஷ்ணனுக்கு ஆபீஸில் ஆடிட். அவன் லீவு போட வேண்டிய நாளில் எல்லாம் ஆடிட் வந்துவிடும், அது என்ன ஜாதக விசேஷமோ தெரியாது. ஆகவே ஒன்றரை வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டே ஸ்ம்ருதி வேலைக்கு வந்தாள்.

மதியத்துக்குள் ஐந்து குழந்தைகளுக்குச் சிவப்பு வந்திருந்தது. ஐந்தாவது, ஷீலாவின் மகன் அந்தோணி. ஷீலா அடுக்குமாடிக் குடியிருப்பில் துப்புரவு வேலை செய்பவள். புருஷன் துரை பெயிண்ட் வேலைக்குப் பெங்களூர் போயிருந்தான். பையன் தாயின் தோளிலேயே ஒட்டிக்கொண்டு கிடந்தான்.

"என்ன கொடுக்கறீங்க இவனுக்கு? வெறும் டீயும் பிஸ்கட்டுமா?" என்று ஸ்ம்ருதி கேட்டாள். கேட்டது தப்பில்லை. ஆனால் அறை முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். ஷீலா தலையைக் குனிந்துகொண்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போறேங்க்கா" என்று ஆஸ்பத்திரிச் சீட்டை வாங்கி மடித்தாள்.

அடுத்து நின்ற பெண் தன் குழந்தையின் கண்ணுக்குப் பக்கத்தில் போனைக் கொண்டுவரவே விடவில்லை. "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது. பாருங்க, என் பொண்ணுக்கே எடுத்துக் காட்டறேன்" என்று சொல்லி, ஸஹானாவை மடியில் உட்கார்த்தி, இமையை இழுத்துப் படம் எடுத்தாள். கொழுகொழுவென்று இருக்கும் குழந்தை. பச்சை வரும், எல்லாரும் சிரிப்பார்கள், வரிசை நகரும் என்பது கணக்கு.

சிவப்பு வந்தது.

ஜன்னலோரம் போய் மறுபடி எடுத்தாள். மறுபடியும் சிவப்பு. அறையில் இருந்த இருபது பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். அங்கன்வாடி டீச்சர் கங்கம்மா மட்டும் "அடடா" என்றாள். அந்த 'அடடா'வில் இருந்த இரக்கத்தை ஸ்ம்ருதியால் தாங்க முடியவில்லை. இத்தனை நாளும் இரக்கப்படுவது அவள் வேலையாக இருந்தது.

"ஆப்ல ஏதோ கோளாறு. மெஷின்தானே? இன்னிக்கு சரியா வேலை செய்யல" என்றாள். ஆப் காரணம் கேட்ட பெட்டியில் 'படம் தெளிவில்லை' என்று தட்டி, மகளின் பதிவை ஒதுக்கினாள். படம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தது.

ஷீலா நிமிர்ந்தாள். "அப்போ எம்புள்ளைக்கும் ராங்காத்தான் காட்டிச்சாக்கா?"

அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை ஸ்ம்ருதி பார்த்தாள். இல்லை என்று சொல்ல ஒரு நொடி போதும். "செக் பண்ணிட்டு சொல்றேன்" என்றாள். பெண்கள் கலகலவென்று பேச ஆரம்பித்தார்கள். மடித்த சீட்டை ஷீலா மேஜை மேல் வைத்துவிட்டு, மகனை முத்தமிட்டுக்கொண்டே போனாள்.

ஆய்வுக்காக வைத்திருந்த சிறு ரத்த மீட்டர் ஸ்ம்ருதியின் பையில் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ஸஹானாவின் விரலில் குத்தினாள். ஹீமோகுளோபின் பதினொன்றுக்கு மேல் இருக்க வேண்டும். ஏழு புள்ளி ஒன்று.

"எப்படி? நன்னா பால் குடிக்கறாளே" என்றான் ஜெயகிருஷ்ணன்.

அதனால்தான். ஒரு நாளைக்கு ஐந்து பாட்டில் பால், பால் குடித்த வயிற்றில் சோற்றுக்கு இடமில்லை, பாலில் இரும்புச்சத்து கிடையாது. இதைத் தன் ஆய்வேட்டில் மூன்றாம் அத்தியாயத்தில் அவளே எழுதியிருக்கிறாள். படித்த படிப்பெல்லாம் ஊரான் பிள்ளைக்கு, தன் பிள்ளைக்கு பாட்டில். சமையலறையில் நின்று அழுதாள். குழந்தைக்காக அழுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள், பாதிதான் அது.

மறுநாள் காலையில் தாம்பரத்தில் குழந்தை டாக்டரிடம் போனார்கள். இரும்புச்சத்து சிரப், கீரை, பேரீச்சம்பழம், பாலுக்குக் கட்டுப்பாடு. வரும் வழியிலேயே மருந்து வாங்கியாகிவிட்டது. ஷீலாவின் நம்பர் போனில் இருந்தது. வெள்ளிக்கிழமை மீட்டிங். சனிக்கிழமை ஷீலா வேலையில் இருப்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போயிருப்பாள். கூப்பிடாமல் இருப்பதற்குத்தான் எத்தனை நல்ல காரணங்கள்.

திங்கட்கிழமை கங்கம்மாவே கூப்பிட்டாள். "மேடம், செவப்பு வந்த அஞ்சு பேருமே ஆஸ்பத்திரிக்குப் போகல. மெஷின் ரிப்பேருன்னு நீங்களே சொல்லிட்டீங்களே. ஷீலா புள்ளைக்கு ரெண்டு நாளா ஜொரம். எழுந்துகூட உக்கார மாட்டேங்குறான்."

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். இரும்புலியூர் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தபோது அருமையான யோசனை ஒன்று வந்தது. ஆப்பைச் சரிசெய்துவிட்டோம் என்று சொன்னால் போதும். மறுபடி படம் எடுக்கலாம், சிவப்பு வரும், ஷீலா ஆஸ்பத்திரிக்குப் போய்விடுவாள். குழந்தையும் பிழைக்கும், மானமும் பிழைக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? ஊரப்பாக்கம் வருவதற்குள் அதை நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

ஷீலாவின் ஒற்றை அறை வீட்டில் பையன் பாயில் கிடந்தான். உதடு வெளுத்து, மூச்சு வேகமாக ஓடியது. பக்கத்தில் கங்கம்மா உட்கார்ந்திருந்தாள்.

"ஷீலா, ஆப்பைச் சரி பண்ணியாச்சு. இப்போ ஒரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்."

"எடுங்கக்கா" என்று ஷீலா பையனைத் தூக்கினாள். பிறகு கேட்டாள்: "உங்க பாப்பாக்கு இன்னாச்சுக்கா? அப்பால திருப்பி எடுத்தீங்களா, பச்சை வந்துச்சா? நேத்து சர்ச்சுல அதுக்கும் சேத்துத்தான் ஜெபம் பண்ணேன்."

ஸ்ம்ருதி போனைக் கீழே வைத்தாள். ஒத்திகை பார்த்த வாக்கியம் நாக்கில் தயாராக இருந்தது. அதை வெளியே தள்ள முடியவில்லை. தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பச்சை வரல. மெஷின்ல கோளாறே இல்ல, ஷீலா. அன்னிக்கும் சரியாத்தான் சொல்லித்து. ஸஹானாவுக்கு ரத்தம் ரொம்பக் கம்மி. அந்தோணிக்கும் அப்படித்தான். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஷீலா புரியாமல் பார்த்தாள். "எப்போ தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு சாயந்தரமே."

"பாப்பாவ டாக்டராண்ட காட்னீங்களா?"

"வெள்ளிக்கிழமையே."

"இன்னிக்குத் திங்கக்கெழமை" என்றாள் ஷீலா. "ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"வெக்கமா இருந்தது" என்றாள் ஸ்ம்ருதி.

"எனக்குந்தான் அன்னிக்கு வெக்கமா இருந்துச்சு. டீயும் பிஸ்கட்டுமான்னு அம்மாம் பேர் எதிர்ல கேட்டீங்க. நான் எந்த மெஷின் மேல பழி போடறது?"

கங்கம்மா எழுந்து வெளியே போய் ஆட்டோ கூப்பிட்டாள். ஷீலா பையனைப் போர்த்தித் தூக்கிக்கொண்டாள். ஸ்ம்ருதியும் கூடவே எழுந்ததைப் பார்த்து, "நீங்க வராதீங்க மேடம். டீச்சர் வருவாங்க. இன்னும் நாலு வூடு கீது. அங்க போயி, இங்க சொன்னத அப்பிடியே சொல்லுங்க" என்றாள். அக்கா மேடமாகிவிட்டாள்.

நாலு வீட்டிலும் சொன்னாள். முதல் வீட்டில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். அவள் நின்றபடியே சொன்னாள். இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர் "படிச்சவங்க பேசற பேச்சா இது?" என்று கத்தினார். மூன்றாவது வீட்டுப் பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு செருப்பைத் தேடினாள். சொல்லச் சொல்லச் சுலபமாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை.

நாலாவது வீட்டை விட்டு வெளியே வந்தபோது கங்கம்மாவின் போன் வந்தது.

"அட்மிட் பண்ணிட்டாங்க மேடம். ரத்தம் நாலுதான் கீதாம். ரத்தம் ஏத்தினு இருக்காங்க, பொழச்சுக்குவான்னு சொல்றாங்க."

கங்கம்மா இன்னும் போனை வைக்கவில்லை.

"டாக்டர் ஷீலாவ ஏசின ஏச்சு கொஞ்சநஞ்சமில்ல மேடம். வியாழக்கெழம தெரிஞ்சு இன்னிக்கு தூக்கினு வர்றியே, நீயெல்லாம் ஒரு தாயான்னு வார்டு பூரா கேக்கற மாதிரி கத்தினாரு."

"ஷீலா என்ன சொன்னா?"

"இன்னா சொல்லுவா? வேலைக்குப் போயிட்டேன் சார், மறந்துட்டேன்னு சொல்லிட்டு தலையத் தொங்கப் போட்டுகினு நின்னா. நான் வாயத் தொறக்கப் போனேன், கைய அமுத்திட்டா."

ஸ்ம்ருதி ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டர் எத்தனை மணி வரைக்கும் இருப்பார், டீச்சர்?" என்று கேட்டுக்கொண்டே வண்டியை ஆஸ்பத்திரிப் பக்கம் திருப்பினாள்.