காப்பிக்கடைச் சுவரோரம் மாறிய வண்டி

1

இந்தக் கதை எனக்கு ஊர் நீச்சல்குளத்தின் வெந்நீர்த் தொட்டியில் கிடைத்தது. தலைமேல் பனி தூறிக்கொண்டிருந்தது. கழுத்துவரை அமிழ்ந்திருந்த மூன்று பெண்கள், பெர்குர் தன் மகளை விட்டுவிட்டு இன்னொருவன் மகனைத் தள்ளிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்ததைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போதுதான், அவன் அந்தப் போர்வையை விலக்கிய நொடி எப்படி இருந்திருக்கும் என்று தோன்றியது. சிரிப்பு நின்றுவிட்டது. எழுத உட்கார்ந்தேன் கண்ணுகளா.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ஐஸ்லாந்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று சட்டம் சொல்லும்போது—

அடித்துவிட்டேன். சட்டத்தை முதலில் உட்காரவைத்தால் மனிதர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். பிறகு:

பெர்குர் கடலுக்கு அஞ்சாதவன். ஆனால் ஒரு பச்சைக் குழந்தைக்கு முன்னால்—

இதுவும் வேண்டாம். அப்படி ஓர் ஆளைக் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். பெர்குர் கடலுக்கும் பயப்படுவான்.

2

அவன் மீன்பிடிக் கப்பலில் வலை இழுப்பவன். மனைவி ஒட்னி மீன் ஆலையில் வேலை செய்பவள். அங்கே மீன் வெட்டுக்கூடத்துக்கு மேற்பார்வையாளராக அவளைப் புதிதாகப் போட்டிருந்தார்கள். மகள் சையுனுக்கு ஏழு மாதம். ஒட்னி தன் பிள்ளைப்பேற்று விடுப்பையும், இருவருக்கும் பொதுவானதையும் எடுத்து முடித்திருந்தாள். மிச்சமிருந்தது அப்பாவின் மூன்று மாதம்.*

* அதை மனைவிக்கு மாற்றித் தர முடியாது. அவன் எடுக்காவிட்டால் யாருக்கும் இல்லாமல் போகும். காப்பகத்தில் குழந்தைக்கு இடம் கிடைக்க இன்னும் நாளாகும். ஆக, பெர்குர் கடலுக்குப் போனால் ஒட்னி சம்பளமில்லாமல் வீட்டில் உட்கார வேண்டும். வெட்டுக்கூடம் வேறு ஆள் கைக்குப் போய்விடும். சட்டத்தைப் பற்றி இதற்குமேல் நான் பேசப்போவதில்லை. அதுவாக உள்ளே நுழைந்தால் நான் பொறுப்பில்லை.

அந்த விடுப்பு அப்போதுதான் முழுதாக நடைமுறைக்கு வந்திருந்தது. துறைமுகத்தில் அவனைச் சும்மா விடவில்லை. "என்னடா பெர்குர், பால் சுரக்க ஆரம்பிச்சிருச்சா?" என்றார்கள். கப்பல் தலைவர் ஸ்டெய்னார் மட்டும் கேலி பண்ணவில்லை. முந்தின வாரம் அவரிடம்தான் பெர்குர், "என்னால முடியல. அவ என்னையே பாத்துட்டு இருக்கா. என்ன வேணும்னே தெரியல" என்று முனகியிருந்தான்.

3

காலையில் அவன் சையுனைக் குழந்தை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு காப்பிக்கடைக்குப் போனான். தூங்கும் குழந்தையை யாரும் உள்ளே தூக்கிப் போவதில்லை; கம்பளியில் சுற்றி, வண்டியோடு சுவரோரம் நிறுத்துவார்கள். குளிர்காற்றில் நன்றாகத் தூங்கும். அன்று அங்கே நின்ற வண்டிகள் எல்லாமே கருநீலம். ஊரில் வண்டி விற்கும் ஒரே கடையில் அந்த வருடம் அந்த ஒரு நிறம்தான் வந்திருந்தது.

உள்ளே கோல்பெய்ன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் பாட்டு சொல்லிக்கொடுப்பவன். அவனும் விடுப்பில் இருக்கும் அப்பாதான்.

"உம் பொண்ணு நல்லா தூங்குறாளா?"

"அவ தூங்குறா. நாந்தான் அவளுக்கு மூச்சு வருதான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்."

"நீ குடுத்து வச்சவன். எம்பய கத்துற சுருதிக்கு என் பியானோ வெக்கப்படுது."

அப்போது பெர்குரின் கைப்பேசி அடித்தது. ஸ்டெய்னார்.

"ஒருத்தன் கைய ஒடிச்சிக்கிட்டான் பெர்குர். சாயங்காலம் கெளம்புறோம். உன்னால முடியலைன்னா சொல்லு, கப்பல்ல இடம் இருக்கு. யாரும் தப்பா நெனைக்க மாட்டாங்க."

"யோசிச்சு சொல்றேன்."

உன்னால முடியலைன்னா. காசை வைத்துவிட்டு வெளியே வந்தான். உன்னால முடியலைன்னா. பிரேக்கை விடுவித்துத் தள்ளினான்.

[பெற்ற அப்பன் முகத்தைப் பார்க்கமாட்டானா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் நம்பிக்கையில்லை. அதனால் அந்தக் கடை வாசலுக்கே போய், நிறுத்தியிருந்த வண்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப்பார்த்தேன். குல்லாய்க்கும் போர்வைக்கும் நடுவே ஒரு சிவந்த மூக்கு. அவ்வளவுதான் தெரிகிறது. "ஏதாவது தேடுறீங்களா?" என்று கடைக்காரி ஹில்டிகுன் கேட்டாள். "கதை" என்றேன்.]

4

வழக்கம்போல வண்டியைச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, உருளைக்கிழங்கை வேகவைத்தான். அது குழையும் நேரத்தில் வெளியே அழுகை.

கரண்டியைப் பிடித்த கை அப்படியே நின்றது. சையுன் முதலில் முணுமுணுப்பாள், புகார் சொல்வதுபோல இழுப்பாள், பிறகுதான் அழுகை. இது எடுத்த எடுப்பிலேயே உச்சியில் இருந்தது.

ஓடிப்போய்ப் போர்வையை விலக்கினான். ஓர் ஆண்பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டு, இவன் தாடியை ஆச்சரியத்தோடு பார்த்தது.

குரலைக் கேட்ட மாத்திரத்தில் தெரிந்துகொண்டானே, அந்தக் கணத்தில் பெர்குர் ஓர் அப்பாவாக—

அடித்துவிட்டேன். பொய் என்பதால் இல்லை. அந்த நேரத்தில் அது அவனுக்கு எந்த உதவியும் செய்யவில்லை என்பதால். அவனுக்குத் தெரிந்ததெல்லாம், தன் மகளைத் தெருவோரம் விட்டுவிட்டு வந்தோம் என்பதுதான். குளிர்கோட்டுகூடப் போடாமல், கோல்பெய்னின் மகனைத் தள்ளிக்கொண்டு பனி வழுக்கும் மேட்டில் ஏறி ஓடினான். "பயப்படாதடா தம்பி, பயப்படாத" என்று சொல்லிக்கொண்டே ஓடினான். பிள்ளை பயப்படவில்லை.

5

காப்பிக்கடைக்குள்ளே சையுன் கோல்பெய்னின் மடியில் உட்கார்ந்து அவன் கழுத்துத் துணியைச் சப்பிக்கொண்டிருந்தாள்.

"வாப்பா வா! என் மகன் மூக்கு எப்போ இவ்வளவு அழகாச்சுன்னு யோசிச்சிட்டிருந்தேன்" என்றான் கோல்பெய்ன்.

பெர்குருக்குச் சிரிப்பு வரவில்லை. மகளை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டான்.

ஹில்டிகுன் காப்பியை நீட்டினாள். "குடி. உன்னைவிட உன் பொண்ணு தெளிவா இருக்கா."

"ஒட்னிகிட்ட சொல்லிராதீங்க."

"நான் ஏன் சொல்றேன்? ஆலையிலேருந்து ரொட்டி வாங்க வந்தவங்க போயி இந்நேரம் சொல்லியிருப்பாங்க."

6

இந்த இடத்தில் ஒட்னி எனக்குப் பிடிபடவில்லை. ஒரு பிரதியில் கத்தினாள். இன்னொன்றில் அவனைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். வெந்நீர்த் தொட்டியில் அந்தப் பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள். இரண்டிலும் அவள் அவளாக இல்லை. மூன்றாவது இது.

மதிய இடைவேளையில் ரப்பர் பூட்ஸோடு வீட்டுக்கு வந்தாள். கையை அழுத்திக் கழுவினாள். குழந்தையைப் பாதத்திலிருந்து உச்சிவரை தடவிப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"அழுதாளா?"

"இல்ல. அவன் மடியில ஜம்முனு உக்காந்திருந்தா."

"ஸ்டெய்னார் கூப்பிட்டாராமே."

"ம்."

"போறியா?"

"இன்னிக்கு நான் பண்ணின காரியத்துக்கு அப்புறமும் இவள என்கிட்ட விட்டுட்டுப் போவியா?"

"நான் அதக் கேக்கல பெர்குர். உனக்குப் போகணும்னு இருக்கா?"

அவன் தரையைப் பார்த்தான். "அந்தப் பய அழுதான்ல, அது இவ இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருச்சு. பாக்குறதுக்கு முன்னாடியே."

ஒட்னி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "இருன்னு நான் கெஞ்ச மாட்டேன்" என்றாள். "கெஞ்சினா நீ எனக்கு ஒத்தாசை பண்ற மாதிரி ஆயிரும். அவ உன் பொண்ணு." பிறகு, "வண்டியில அடையாளத்துக்கு எதையாவது கட்டித் தொலை" என்று சொல்லிவிட்டு ஆலைக்குத் திரும்பினாள். வாசலில் ஒருமுறை நின்றாள். ஆனால் திரும்பிப் பார்க்கவில்லை.

7

இரண்டு முடிவுகள் எழுதிவைத்திருக்கிறேன். ஒன்றில் கப்பலின் விளக்குகள் கடல்வாயைத் தாண்டிப் போகின்றன. ஒட்னி தன் பூட்ஸைக் கழுவி அலமாரியில் வைக்கிறாள். இன்னொன்றில் பெர்குர் ஊட்டும் உருளைக்கிழங்கைச் சையுன் அவன்மேலேயே துப்புகிறாள். அவன் மறுபடியும் ஊட்டுகிறான். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் எனக்குப் பிடிக்கிறது என்பதற்காக அவன் இருந்தால், அதுவும் கெஞ்சி வாங்கியதுதானே?

இப்போது மேசைமேல் கைப்பேசி அடிக்கிறது. ஸ்டெய்னாராகத்தான் இருக்கும். பெர்குர் இரண்டு கையாலும் குழந்தையைப் பிடித்திருக்கிறான். சுற்றுமுற்றும் பார்க்கிறான். நான் பேனா பிடித்திருக்கிறேன். நீங்கள்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள்.

இந்தாருங்கள், அவளைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளுங்கள். பார்வைக்குத் தெரிவதைவிடக் கனமாக இருப்பாள். அவன் பேசி முடிக்கட்டும். உங்களிடமிருந்து அவளைத் திருப்பி வாங்க பெர்குரின் கையா ஒட்னியின் கையா, எது நீளுகிறது என்று பாருங்கள்.