தாடை: இயல்பு

ஸ்கேன் மையத்தில் அவளைக் கழுகுக்கண் என்று கூப்பிடுவார்கள். பதினாறு வருஷமாக அந்த இருட்டறையில் உட்கார்ந்து, அடுத்தவர் வயிற்றில் இருப்பதைப் பார்த்துச் சொல்வதுதான் அவள் பிழைப்பு. அவள் அடித்துத் தரும் அறிக்கையில் டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடுவார். ஒருநாளாவது திறந்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அம்மா போனபிறகு அவள் தங்கைக்கு எல்லாமே அக்காதான். ஐந்தாம் மாத ஸ்கேனுக்கும் அக்காவிடமே வந்து படுத்தாள். குழந்தையோ மூஞ்சியைக் காட்டவே மாட்டேன் என்று திரும்பிக்கொண்டு கிடந்தது. அடம்பிடிக்கிற பிள்ளைகளுக்கு அங்கே ஒரு வைத்தியம் உண்டு: தாயை இனிப்பாக ஏதாவது சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் நடந்துவிட்டு வரச்சொல்வார்கள். தங்கையும் நடந்தாள். திரும்பி வந்தும் அதே முதுகுதான். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள்.

கணினியில் அறிக்கைப் படிவம் எல்லா வரியிலும் 'இயல்பு' என்று போட்டபடியேதான் திறக்கும். பார்க்க முடியாத வரியை அழித்துவிட்டு, 'தெரியவில்லை, மறுபடி வரவும்' என்று எழுத வேண்டும். முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அக்கா அதைத் தவறாமல் செய்திருக்கிறாள். தங்கைக்கு மட்டும் கை வரவில்லை. அப்படி எழுதினால் அவளுக்குச் சோறு இறங்காது. வீட்டு ஆள்தானே, அடுத்த வாரம் கூப்பிட்டுப் பார்த்தால் போகிறது. 'முகம், உதடு, தாடை: இயல்பு' என்ற வரி அப்படியே நின்றது. அடுத்த வாரம் வந்தது, வேலை மும்முரத்தில் போனது. நல்ல மனசு செய்கிற அநியாயத்துக்கு அளவே கிடையாது.

தாடை எப்படி உருவாகிறது என்று அக்காவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். நான்காவது வாரத்தில் கழுத்துப் பக்கம் சதை மடிப்பு மடிப்பாக எழும்பும். முதல் மடிப்பிலிருந்துதான் தாடை. அது முன்னால் வளர வளர, மேலே ஏறியிருக்கும் நாக்கு கீழே இறங்கும். அதற்குப் பிறகுதான் இரண்டு பக்கத்து அண்ணமும் நடுவில் வந்து சேரும். தாடை பின்தங்கினால் நாக்கு இறங்காது, அண்ணம் சேராது. பிறந்ததும் நாக்கு தொண்டையில் சரிந்து மூச்சை அடைக்கும். முன்னாடியே தெரிந்தால், மூச்சு விடக் குழாய் போடத் தெரிந்தவர்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிரசவம் பார்ப்பார்கள். பெரும்பாலும் பிழைத்துவிடும்.

தங்கை பக்கத்துத் தெருவிலிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் பெற்றாள். எல்லாம் இயல்பு என்று எழுதியிருக்கும்போது எதற்கு அலைய வேண்டும்? பெண் குழந்தை. நாற்பது நிமிஷம் இருந்தது.

அக்கா லீவு போட்டுவிட்டு தங்கை வீட்டிலேயே தங்கினாள். சமைத்தாள், துவைத்தாள், குடிக்கப் பிள்ளையில்லாமல் பால் கட்டி வலித்தபோது ஒத்தடம் கொடுத்தாள். தங்கை தினமும் அவள் மடியில் தலைவைத்து அழுதாள். அழுது முடித்தால்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், மடியில் படுத்தபடியே பேச்சை எடுத்தாள்.

"தாடை இவ்வளவு சின்னதா இருந்தா ஸ்கேன்லயே தெரிஞ்சிருக்கணும்னு பிரசவம் பார்த்த டாக்டர் சொன்னாருக்கா. நான் விடல. பார்த்தது எங்க அக்கா, அவ கண்ணுக்குத் தெரியலேன்னா யாரு கண்ணுக்கும் தெரிஞ்சிருக்காதுன்னு சண்டை போட்டுட்டு வந்தேன்."

அக்கா வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், ஒரு ஈ காக்கைக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் தனக்காக இவள் சண்டை போட்டிருக்கிறாள் என்றதும் தாங்க முடியவில்லை.

"நான் மூஞ்சியப் பார்க்கவே இல்லடி," என்றாள். "திரும்பிப் படுத்திருந்துச்சு. நீ பயந்துடுவியேன்னு, பார்த்த மாதிரியே விட்டுட்டேன்."

தங்கை மெதுவாக எழுந்து உட்கார்ந்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று அக்கா காத்திருந்தாள். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது. தங்கை கலைந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு, நகர்ந்துபோய்ச் சுவரில் சாய்ந்தாள்.

"இத்தனை நாளா உன்கிட்டதானே அழுதுகிட்டு இருந்தேன்," என்றாள். "இனிமே நான் யாருகிட்ட போய் அழுவேன், சொல்லு."