சொற்பொழிவுக்கு வந்த பிடியரிசி

என் வீட்டுக்காரர் ரெத்தினதாசுக்கு மேடை என்றாலே பயம். அந்த மனிதர் ஒரு சாயங்காலம் பாறசாலைக் கல்லூரியிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "சுகிர்தா, அச்சன் சம்மதிச்சாச்சு! தமிழ்ல பேசலாமாம்" என்று கூவினார். எனக்கு அகப்பை கை நழுவியது.

அச்சன் என்பது அங்கே பிரின்சிபாலாக இருந்த பாதிரியார். அது கத்தோலிக்கக் கல்லூரி. மாதம் ஒரு ஞாயிறு, கத்தோலிக்கச் சிந்தனையும் பண்பாடும் பற்றி ஊருக்கெல்லாம் பொதுவாக ஒரு சொற்பொழிவு நடக்கும். ஒன்று மலையாளத்தில், இல்லாவிட்டால் இங்கிலீஷில். கேட்க வருகிறவர்களைவிட மேடையில் இருக்கிறவர்கள் அதிகம். இவர் அங்கே சரித்திரம் சொல்லிக் கொடுத்தார். நாங்கள் மிஷன் சபைக்காரர்கள், அதாவது கத்தோலிக்கர் இல்லை. ஆனாலும் ஒரு வருஷமாக அச்சனைத் துளைத்துக்கொண்டிருந்தார்: "வீட்டுல தமிழ் பேசுத ஆளுவளுக்குத் தமிழ்ல சொல்லாண்டாமா அச்சா?"

"ஒரு தடவையாக்கும்," என்றார் என்னிடம். "ஹால் நெறஞ்சா எல்லா மாசமும் தமிழ் உண்டு. நெறையல்லேன்னா இனி அந்தப் பேச்சே எடுக்கப்பிடாதாம்."

"நீங்க பேச்சைப் பாருங்க. ஹாலை நெறைக்கியது எனக்க பாடு," என்றேன்.

வாயைக் கொடுத்துவிட்டேன். காலமோ, மலையாள ராஜ்யத்திலிருந்த தெற்குத் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். நாலு பேர் கூடித் தமிழில் சத்தமாகப் பேசினாலே போலீஸ் திரும்பிப் பார்க்கும். நான் மிஷன் பள்ளிக்கூட டீச்சர். எனக்குத் தெரிந்த வழி சபைதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், கல்யாண ஓலைக்கும் பெண்கள் சங்க அறிவிப்புக்கும் நடுவில் எங்கள் சபை உபதேசியார் ராஜையா இந்தச் சொற்பொழிவுச் செய்தியையும் வாசித்தார். குளத்தூர், காஞ்சிரங்குளம் சபைகளிலும் வாசிக்கச் செய்தேன்.

சொற்பொழிவுக்கு முந்தின நாள் தடையுத்தரவு வந்தது. கூட்டம் கூடக் கூடாது. வழிபாட்டுக்கு மட்டும் விலக்கு. பஸ்ஸும் நின்றுபோனது. அச்சன் பிடிவாதக்காரர். "நம்முடெ காம்பவுண்டினுள்ளில் நடக்கும். வருன்னவர் வரட்டே," என்று மலையாளத்தில் சொல்லிவிட்டார்.

ஞாயிறு மத்தியானம் ஹாலில் பெஞ்சுகள்தான் உட்கார்ந்திருந்தன. இவர் சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கேட்டுக்கு ஓடினேன். அங்கே பக்கத்து ஊரான வெள்ளறடைக்காரர், கான்ஸ்டபிள் கிருஷ்ணன்குட்டி லத்தியோடு நின்று, வந்த இளவட்டங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். அவரோடு சண்டை போடவே வாயைத் திறந்தேன். அப்போதுதான் குளத்தூர் ரோட்டில் அந்த ஊர்ச் சபைப் புஷ்பபாய் அக்கா வருவதைப் பார்த்தேன். பின்னால் பெண்களும் ஆண்களுமாக ஒரு பெருங்கூட்டம். பெண்கள் கையிலெல்லாம் சின்னத் துணிப்பை.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பிடியரிசி! உலையில் அரிசி போடும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனியே வைத்து, கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுபோவது எங்கள் வழக்கம். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். சபையில் அறிவித்த எதற்கும் வெறுங்கையோடு போய் எங்கள் பெண்களுக்குப் பழக்கமில்லை. ஒருத்தர் தோளில் வாழைக்குலைகூட இருந்தது. கத்தோலிக்கக் கல்லூரிச் சொற்பொழிவுக்குப் பிடியரிசியா! மானம் போயிற்று என்று அவர்களைத் தடுக்க ஓடினேன். எனக்கு முன்னே கிருஷ்ணன்குட்டி மறித்துவிட்டார்.

"எவிடேக்கா எல்லாரும்?"

புஷ்பபாய் அக்கா பையைத் தூக்கிக் காட்டினாள்.

"பிடியரியா?" அவர் லத்தியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "பிரார்த்தனைக்குள்ள ஆளுகளா? செல்லு, செல்லு."

வழிபாட்டுக்குத்தான் விலக்கு உண்டே! தடுக்க ஓடிய நான் ஒதுங்கி வழிவிட்டேன். காஞ்சிரங்குளத்துக்காரர்களும் பையும் சேனைக்கிழங்குமாக வந்து சேர்ந்தார்கள். ஹால் நிறைந்து, ஜன்னல்களிலும் தலைகள். எனக்கு ஆனந்தத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

இவர் பேச எழுந்தார். பழங்காலத்துக் கோயில் பூசையான திருப்பலியின் வழக்கங்கள்தான் விஷயம். பேச்சு மெல்லச் சூடுபிடித்தது. சரியாக அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் உள்ளே வந்து பின்சுவரோரம் நின்றார். தமிழ்ப் பிரசங்கம் நடக்கிறது என்று யாரோ வத்திவைத்திருக்க வேண்டும். தொப்பியைக் கண்டதும் இவர் பேச்சு பாதியில் நின்றது. இங்கே நிறுத்தினால் இனி எந்த மாதமும் தமிழ் கிடையாது. "பேசுங்க!" என்று கையை ஆட்டினேன்.

அவர் என்னைப் பார்த்தபடியே தொடர்ந்தார். "அந்தக் காலத்தில் திருப்பலிக்கு யாரும் வெறுங்கையோடு வரவில்லை. வீட்டில் சுட்ட அப்பம், எண்ணெய், பழம், அவரவர்க்கு முடிந்ததைக் கொண்டுவந்து, வரிசையாக நின்று, பீடத்தின் முன்னால் குருவானவர் கையில் கொடுத்தார்கள்."

புஷ்பபாய் அக்கா எழுந்துவிட்டாள். காணிக்கை கேட்கிறார் என்றே நினைத்திருக்கிறாள்! முக்காட்டை இழுத்துவிட்டு நேரே மேடைக்கு நடந்தாள். அவள் பின்னால் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வரிசை கட்டினார்கள். வாழைக்குலையும் சேனையும் பின்தொடர்ந்தன. இவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறார். நான் எங்கே பார்ப்பது?

அச்சன் நாற்காலியிலிருந்து மெல்ல எழுந்தார். திட்டப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் முன்னே வந்து, இரண்டு கையையும் நீட்டி அந்தப் பையை வாங்கினார். அடுத்ததையும் வாங்கினார். வாங்க வாங்க அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். திரும்பிப் பார்த்தால், இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஓசையில்லாமல் வெளியே போய்க்கொண்டிருந்தார்.

அச்சன் சபையைப் பார்த்தார். அதுவரை அவர் தமிழில் ஒரு சொல் பேசி நான் கேட்டதில்லை.

"இதை நான் புஸ்தகத்தில படிச்சிருக்கு. படிப்பிச்சிருக்கு. கண்ணால காணுறது இன்னைக்காக்கும்," என்றார் தட்டுத்தடுமாறி. "அடுத்த மாசமும் தமிழ் உண்டு. எல்லா மாசமும் உண்டு."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அடங்கியதும் புஷ்பபாய் அக்காவின் குரல் கணீரென்று கேட்டது: "அப்போ ஏலம் எப்பளாக்கும்?"

அச்சன் ஒன்றும் புரியாமல் இவரைப் பார்த்தார். மேடை என்றாலே பயப்படும் என் வீட்டுக்காரர் வாழைக்குலையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார். "நல்ல முத்தின குலை! ஆரு கேக்குதிய?" என்று ஹாலே அதிரக் கத்தினார்.

முதல் குரல் ஜன்னலுக்கு வெளியேயிருந்து வந்தது.

"எட்டணா!" என்றார் கிருஷ்ணன்குட்டி.